முதலாவதை மிஞ்சிய இரண்டாவது

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் சென்ற மாதம் ஒரு சர்ச்சை எழுந்தது. "பார்த்ததில் பிடித்த படம்" என்று பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். பதினான்கு குழந்தைகளில் ஐந்து பேர் "குங் ஃபூ பாண்டா" என்று எழுதியிருந்தார்கள். முதல் பாகமா, இரண்டாம் பாகமா என்று கேட்டதுதான் தாமதம், வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. கடைசியில் நடுவராக என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். இரண்டாவதுதான் உசத்தி என்றேன். காரணம் கேட்டார்கள். வகுப்பு முடியும் நேரம் வந்துவிட்டதால் தப்பித்தேன். விஷயத்தைக் கேள்விப்பட்ட நம் ஆசிரியர், "அந்தக் காரணத்தை எழுதிக் கொடுங்களேன் சார்" என்று கேட்டுக்கொண்டார்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருடம் சக்கரத்தோடும் அச்சோடும் மல்லுக்கட்டிய ஒரு டிப்ளமாக்காரனுக்குக் கார்ட்டூன் படத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பேத்தியோடு சேர்ந்து அந்தப் படத்தை ஏழெட்டுத் தடவை பார்த்தவன் என்பதுதான் தகுதி. வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படம் பார்க்காத பெரியவர்களுக்காக முதல் பாகத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008-ல் அமெரிக்காவின் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கதை நடப்பது பழைய சீனாவில், மனிதர்களே இல்லாத ஓர் ஊரில். பன்றி, முயல், வாத்து எல்லாம் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடமாடுகின்றன. போ என்ற தொப்பை பெருத்த பாண்டாக் கரடி, தன் அப்பாவின் நூடுல்ஸ் கடையில் பரிமாறிக்கொண்டே குங் ஃபூ கனவு காண்கிறது. மலைமேல் உள்ள மடத்தில் ஐந்து வீரர்கள் இருக்கிறார்கள்: புலி, குரங்கு, கொக்கு, பாம்பு, கும்பிடுபூச்சி. இந்த ஐந்தும் சும்மா எடுத்த விலங்குகள் அல்ல. சீன மல்யுத்தக் கலையில் நிஜமாகவே புலி முறை, கொக்கு முறை, பாம்பு முறை என்று தனித்தனிப் பாணிகள் உண்டு. மிருகத்தின் அசைவைப் பார்த்து மனிதன் கற்றுக்கொண்டதை, படம் எடுத்தவர்கள் மறுபடி மிருகத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாண்டா முறை என்று ஒன்று கிடையாது. அதுதான் வேடிக்கையே.

ஊக்வே என்ற கிழட்டு ஆமைதான் ஆதிகுரு. யாரும் எதிர்பாராத விதமாகப் போவைத்தான் "டிராகன் வீரன்" என்று கைகாட்டுகிறது. ஷிஃபு என்ற குட்டிக் குரு வேண்டாவெறுப்பாகப் பயிற்சி கொடுக்கிறார். தாய் லுங் என்ற பனிச்சிறுத்தை சிறையிலிருந்து தப்பி வருகிறான். வீரனுக்கென்று வைத்திருந்த ரகசியச் சுருளைப் பிரித்தால் உள்ளே எழுத்தே இல்லை. பார்ப்பவன் முகம்தான் தெரிகிறது. அதே சமயம் நூடுல்ஸ் கடைக்காரரும் தன் சூப்பின் ரகசியச் சரக்கு என்று தனியாக எதுவுமே இல்லை என்று சொல்கிறார். போவுக்குப் புரிந்துவிடுகிறது. தாய் லுங்கை வென்றுவிடுகிறான். மார்க் ஆஸ்பர்ன், ஜான் ஸ்டீவன்சன் என்ற இருவர் சேர்ந்து இயக்கிய நல்ல படம். சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஷிஃபுவும் போவும் ஒரே ஒரு கொழுக்கட்டைக்காகச் சாப்பாட்டுக் குச்சிகளோடு சண்டை போடும் காட்சியை இரண்டாம் பாகத்தில் எதுவும் மிஞ்சவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆனால் படம் முழுக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். போவின் அப்பா பிங் ஒரு வாத்து. வாத்துக்கு எப்படிப் பாண்டா பிறக்கும்? ஊரில் யாரும் கேட்பதில்லை. போவும் கேட்பதில்லை. படத்தின் கடைசிப் பகுதியில் பிங் தயங்கித் தயங்கி, ரொம்ப நாளைக்கு முன்பே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்று ஆரம்பிப்பார். தியேட்டரே நிமிர்ந்து உட்காரும். அவர் சொல்வதோ சூப்பின் ரகசியம்! எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த ஒரு நிமிஷச் சிரிப்பைத்தான் இரண்டாம் பாகம் கையில் எடுத்துக்கொண்டது.

பொதுவாக ஒரு படம் ஓடிவிட்டால் இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? வில்லன் ஒருவன் இருந்தால் இரண்டு பேர் ஆக்குவார்கள். ஒரு வீடு எரிந்தால் இப்போது ஊரே எரியும். முதல் படத்தில் கைதட்டல் வாங்கிய வசனத்தையே மறுபடி சொல்ல வைப்பார்கள். நேற்றைய சாம்பாரைச் சுடவைத்துத் தண்ணீர் விட்டுப் பரிமாறுவது போல. 2011 மே மாதம் வெளிவந்த இந்தப் படத்திலும் பெரிய சண்டைகள், பெரிய ஊர், பெரிய வெடிகள் உண்டு. ஆனால் அவை எல்லாம் ஒரு கேள்வியைச் சுற்றி நிற்கின்றன. முதல் பாகம் கேட்காமல் விட்ட கேள்வி அது: நான் யார் பிள்ளை?

இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன் என்ற பெண்மணி. தென் கொரியாவில் பிறந்து நான்கு வயதில் அமெரிக்கா போனவர். முதல் பாகத்தின் கதைப்பிரிவுக்குத் தலைமை வகித்தவர். அதன் தொடக்கத்தில் வரும் கையால் வரைந்த கனவுக் காட்சியை இயக்கியதும் இவரே. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்தைத் தனியாக இயக்கிய முதல் பெண் என்ற பெருமை இந்தப் படத்தால் அவருக்கு வந்தது. முதல் படத்தில் எது பலம், எது பாக்கி என்பது உள்ளேயிருந்து வேலை பார்த்தவருக்குத்தானே தெரியும்? ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான். எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவனைக் கேட்டால் எந்த நட்டு லூஸ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

படப்பிடிப்புக் குழுவினர் 2008-ல் சீனாவின் செங்டு நகரத்துக்குப் போய் அங்குள்ள பாண்டா ஆராய்ச்சி மையத்தில் குட்டிப் பாண்டாக்களை நேரில் பார்த்து வந்தார்கள். இரண்டாம் பாகத்தில் ஒரு குழந்தைப் பாண்டா முள்ளங்கிக் கூடைக்குள் இருந்து எட்டிப் பார்க்கும்போது வீட்டுக் கூடத்தில் ஒரு "ஐயோ" சத்தம் வராமல் இருக்காது. அந்தப் பயணத்தின் பலன் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வில்லனுக்கு வருவோம். ஷென் என்ற வெள்ளை மயில். கோங்மென் என்ற நகரை ஆண்ட மயில் அரசர்களின் ஒரே மகன். வாணவேடிக்கையைக் கண்டுபிடித்தவர்களே அவன் பெற்றோர்தான் என்பது கதை. ஜனங்கள் அதை வானத்தில் பார்த்து மகிழ்ந்தார்கள். மகனோ அதில் வேறொரு சக்தியைப் பார்த்தான். குறி சொல்லும் கிழவி ஆடு ஒன்று, இதே வழியில் போனால் கறுப்பும் வெளுப்புமான ஒரு வீரனால் உனக்குத் தோல்வி என்று சொல்லிவிடுகிறது. கறுப்பும் வெளுப்பும் என்றால் பாண்டா. உடனே ஷென் தன் ஓநாய்ப் படையோடு போய்ப் பாண்டாக்களின் கிராமத்தை அழிக்கிறான். பெருமையோடு திரும்பி வந்தவன், பெற்றோர் முகத்தில் பார்த்தது திகிலைத்தான். நாடு கடத்திவிட்டார்கள். வருடங்கள் கழித்துப் பீரங்கியோடு திரும்பி வருகிறான். நம் கம்சன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முடிச்சு புதிதல்ல. விதியைத் தடுக்கப் போய் விதிக்கே வழி போட்டுக் கொடுப்பது.

இந்த முன்கதை முழுவதும் படத்தின் முதல் சில நிமிஷங்களில் தோல்பாவைக் கூத்து போன்ற உருவங்களில் வருகிறது. சீனாவிலும் நிழற்பாவைக் கலை நெடுங்காலமாக உண்டு. பாப்கார்ன் வாங்கப் போய்விட்டு லேட்டாக வந்தால் படத்தின் மிக அழகான பகுதி போய்விடும்.

பீரங்கி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சொந்த ஆர்வம் உண்டு. அதனால் இங்கே சற்று நிற்கப் போகிறேன்.

வெடிமருந்து சீனர்களின் கண்டுபிடிப்பு என்பது சரித்திரம். 9-ஆம் நூற்றாண்டு வாக்கில், டாங் வம்ச காலத்தில், சாகா மருந்து தேடிய ரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் கரியையும் கலந்து பார்த்ததில் கிடைத்தது. சீன மொழியில் அதற்கு இன்றும் "தீ மருந்து" என்றே பெயர். உயிர் நீடிக்க மருந்து தேடியவர்களுக்கு உயிர் எடுக்கும் மருந்து கிடைத்தது! 1044-ல் தொகுக்கப்பட்ட "வூஜிங் சோங்யாவோ" என்ற ராணுவ நூலில் அதன் கலவை முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டுக்குள் உலோகக் குழாய்த் துப்பாக்கிகள் வந்துவிட்டன. ஆக, ஒரு மயில் கண்டுபிடித்தது என்பதை மட்டும் விட்டுவிட்டால் படத்தின் அடிப்படை கட்டுக்கதை இல்லை.

வாணத்துக்கும் பீரங்கிக்கும் மருந்து ஏறத்தாழ ஒன்றுதான். சுமாராக வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. வித்தியாசம் அடைப்பில் இருக்கிறது. திறந்த தட்டில் ஒரு பிடி கொட்டிக் கொளுத்தினால் புஸ்ஸென்று எரிந்து போகும். அதையே ஒரு பக்கம் மூடிய குழாயில் அடைத்து, வாயில் ஒரு குண்டையும் வைத்துக் கொளுத்தினால், உண்டான வாயு வெளியேற வேறு வழியில்லாமல் குண்டைத் தள்ளுகிறது. ஷென் செய்த பாதகம் மருந்தில் இல்லை, குழாயில்தான் இருக்கிறது. ரயில்வேயில் நாங்களும் வெடி வைத்தவர்கள்தான். பனிமூட்டத்தில் சிக்னல் தெரியாதபோது தண்டவாளத்தின்மேல் டெட்டனேட்டரைக் கட்டி வைப்பார்கள். சக்கரம் ஏறியதும் படாரென்று வெடிக்கும். சிக்னல் நெருங்குகிறது என்று டிரைவர் உஷாராகிவிடுவார். அதே மருந்து, உயிர் காக்கும் வேலை.

படத்தில் ஷென்னின் ஓநாய்கள் ஊர் ஊராகப் போய் உலோகம் கொள்ளையடிக்கும். சட்டி, பானை, தாளம், மணி எதையும் விடுவதில்லை. எல்லாவற்றையும் உருக்கிப் பீரங்கி வார்க்கிறான். வார்ப்படப் பிரிவில் நாலு வருஷம் இருந்த எனக்கு இதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. என்னவென்றே தெரியாத பத்துவித உலோகத்தை ஒரே உலையில் போட்டால் வார்ப்பில் காற்றுக் குமிழியும் வெடிப்பும் விழும். முதல் குண்டிலேயே பீரங்கி பிளந்து சுட்டவனைத்தான் சுடும். பேத்தியிடம் இதைச் சொன்னேன். "தாத்தா, மயில் பேசறதே, அது மட்டும் பரவாயில்லையா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

தாய் லுங் வெறும் பலசாலி. அவனைவிடப் பலமாக அடித்தால் தீர்ந்தது. ஷென் கொண்டுவந்திருப்பதோ குங் ஃபூவையே செல்லாக்காசாக்கும் பொருள். குங் ஃபூவில் கரைகண்ட காண்டாமிருக குருவை ஒரே குண்டில் கொன்றுவிடுகிறான். அங்கேயே சிறையில் இருக்கும் எருது குருவும் முதலை குருவும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். டீசல் வந்தபோது எங்கள் நீராவி எஞ்சின் ஃபிட்டர்கள் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. கையால் தொட்டே பேரிங் சூட்டைச் சொன்ன கிழவர்கள். ஒரே வருஷத்தில் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தைகளுக்கான படத்தில் இப்படி ஒரு சோகத்தை முதல் அரைமணி நேரத்திலேயே வைத்திருப்பது துணிச்சல்தான்.

பீரங்கிக்கு எதிராக வெறுங்கை என்ன செய்யும்? படத்தின் ஆரம்பத்திலேயே விடையை வைத்துவிடுகிறார்கள். ஷிஃபு ஒரு நீர்த்துளியைக் கையில் வாங்கி, உடையாமல் உருட்டி, இலைமேல் இறக்கிவிடுகிறார். மன அமைதி வந்தவனுக்கு இது முடியும் என்கிறார். கடைசியில் துறைமுகத்தில் போ, செந்தணலாக வரும் குண்டை அதேபோல் வாங்கி, உடம்பைச் சுழற்றி, வந்த வேகத்திலேயே திருப்பி அனுப்புகிறான்.

இதில் இயந்திரவியல் இருக்கிறது. கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிக்கிறான். நிற்கும் நேரம் கூடினால் கையில் விழும் அடி குறையும். ரயில் பெட்டிகளின் பஃபரில் ஸ்பிரிங் வைத்திருப்பதும் இதற்கே. போ செய்வது இன்னொரு படி மேல். குண்டை நிறுத்தவே இல்லை, திசையை மட்டும் திருப்புகிறான். நிறுத்தாததால் குண்டின் சக்தி அப்படியே அவனுக்குப் பயன்படுகிறது. தாய் ச்சீ என்ற சீனப் பயிற்சியின் தத்துவமும் ஏறத்தாழ இதுதான். ஆனால் யாரும் முயற்சி செய்துவிட வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 கிலோ குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வருகிறது, அதை 1 மீட்டர் ஆரத்தில் வளைத்துத் திருப்புகிறோம் என்று வைத்துக்கொண்டால், கை தாங்க வேண்டிய இழுப்பு சுமார் 20 டன் எடைக்குச் சமம். நம் அகலப்பாதையில் சரக்கு வேகனின் ஓர் அச்சுக்கு நெடுங்காலம் அனுமதித்திருந்த பாரம் ஏறத்தாழ அவ்வளவு. பாண்டாவின் தோளில் ஒரு வேகன் அச்சுப் பாரம்!

போவால் அதை உடனே செய்ய முடிவதில்லை. தடுப்பது பீரங்கி அல்ல, ஞாபகம். ஓநாயின் கவசத்தில் ஒரு சிவப்பு முத்திரையைப் பார்க்கிறான். கண்முன் ஒரு தாய்ப் பாண்டாவின் உருவம் மின்னி மறைகிறது. அசந்த நேரத்தில் அடி வாங்குகிறான். வீட்டுக்கு ஓடுகிறான். பிங்கிடம் கேட்கிறான்: நான் எங்கிருந்து வந்தேன்?

இந்தக் காட்சியைத்தான் நான் படத்தின் உயிர் என்று சொல்வேன். பிங் நடுங்கிக்கொண்டே கதை சொல்கிறார். ஒருநாள் கடைக்குப் பின்னால் காய்கறிக் கூடைகள் வந்து இறங்கின. முள்ளங்கிக் கூடையில் முள்ளங்கி இல்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டு ஒரு குழந்தைப் பாண்டா உட்கார்ந்திருந்தது. கடிதம் எதுவும் இல்லை. யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. உள்ளே கொண்டுபோனார், சாப்பாடு போட்டார், குளிப்பாட்டினார், மறுபடி சாப்பாடு போட்டார். அப்புறம் இரண்டு முடிவு எடுத்தார்: இனி சூப்பில் முள்ளங்கி கிடையாது, இது என் பிள்ளை. அவ்வளவுதான் கதை. போ திகைத்து நிற்கிறான். இதற்கு முன்னால் என்ன, என்னை யார் கூடையில் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள்? பிங்கிடம் பதில் இல்லை. இருப்பதைத்தானே சொல்ல முடியும்?

இங்கேதான் என் சொந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் மகளும் மாப்பிள்ளையும் அனுமதி கொடுத்தபிறகே எழுதுகிறேன். என் பேத்தி அவர்கள் தத்தெடுத்த குழந்தை. பதினொரு மாதக் குழந்தையாக வந்தாள். இப்போது ஒன்பது வயது. நம் சங்கத்தில் பழைய நண்பர்கள் பலருக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் எதிரில் யாரும் பேசியதில்லை, அதற்கு நன்றி. தத்துக் கொடுத்த இடத்திலேயே, சின்ன வயதிலிருந்தே கதைபோலச் சொல்லி வாருங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். மகளும் தயாராகத்தான் இருந்தாள். தடுத்தது நானும் என் மனைவியும். "கொஞ்சம் விவரம் தெரியட்டும்மா" என்போம். விவரம் தெரிந்ததும், "இப்போ பரீட்சை நேரம்." அப்புறம், "பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஏதாவது சொல்லிவிட்டால்?" வெளிமாநிலத்தில் வாழ்கிற நாம், ஊருக்குப் போனால் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்குத்தானே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது? அந்தக் கேள்விக்கு நாங்கள் பயந்தோம்.

சென்ற கோடை விடுமுறைக்குப் புனாவிலிருந்து வந்திருந்தாள். இந்தப் படத்தை அப்போதுதான் முதல் தடவை சேர்ந்து பார்த்தோம். ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு அவளே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பிங் கதை சொல்லி முடித்ததும் பாட்டி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பேத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தாத்தா, அந்த அப்பா ஏன் இத்தனை நாள் சொல்லவே இல்ல?"

"பயமா இருந்திருக்கும்மா."

"எதுக்கு பயம்? அவர் நல்லதுதானே செஞ்சார்?"

என்னிடம் பதில் இல்லை. "படத்தைப் பாரு" என்றேன்.

மிச்சப் படத்தை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். போவுக்குத் தெரியாத அந்த உண்மை ஷென்னுக்குத் தெரியும். அதையே அவன் ஆயுதமாக எடுக்கிறான். சண்டையின் நடுவில், உன்னைப் பெற்றவர்களுக்கு உன்மேல் பிரியமே இல்லை என்கிறான். போ அப்படியே நின்றுவிடுகிறான், குண்டு பாய்கிறது. ஒர்க்‌ஷாப்பில் அச்சுகளை அல்ட்ராசோனிக் கருவி வைத்துச் சோதிப்போம். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் காலி வண்டியில் ஒன்றும் ஆகாது. முழுப் பாரத்தோடு முழு வேகத்தில் போகும்போதுதான் முறியும்.

ஆற்றில் விழுந்த போவைக் குறிசொல்லும் கிழவி ஆடு காப்பாற்றுகிறது. கண் விழித்த இடம், அழிந்துபோன அந்தப் பாண்டா கிராமமே. மழையில் நின்றுகொண்டு, ஞாபகத்தோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, வருவது வரட்டும் என்று விடுகிறான். இந்த ஞாபகக் காட்சிகள் மட்டும் கையால் வரைந்த ஓவியப் பாணியில் இருக்கின்றன. அம்மா பனியில் ஓடுகிறாள். முள்ளங்கிக் கூடையில் குழந்தையை வைக்கிறாள். தன்னை ஓநாய்கள் துரத்தும்படி வேறு பக்கம் ஓடுகிறாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று படம் காட்டவில்லை. காட்டாமலே புரிகிறது. கூடவே அதற்குப் பின் வந்த நாட்களும் வருகின்றன: வாத்து அப்பா, சூப்பு, கடை, நண்பர்கள். ஹான்ஸ் சிம்மரும் ஜான் பவலும் அமைத்த இசை இந்த இடத்தில் மிக அடக்கமாக இருக்கும்.

எதிர்ப்பக்கம் ஷென்னைப் பாருங்கள். அவனுக்கு அப்பா அம்மா யார் என்று நன்றாகத் தெரியும். தங்கள் மகனை நாடு கடத்திய துக்கத்திலேயே அவர்கள் செத்தார்கள் என்று கிழவி சொல்லியும் அவன் நம்பவில்லை; தன்னை அவர்கள் வெறுத்தார்கள் என்றே பிடிவாதமாக இருக்கிறான். பெற்றவர் முகம் தெரியாதவனுக்கு அமைதி கிடைக்கிறது, தெரிந்தவனுக்குக் கிடைக்கவில்லை. முடிவில் போ அவனுக்கும் வழி விட்டுப் பார்க்கிறான். கேட்காமல் கத்தி வீசுகிறான். அவன் வீசிய கத்தியே பெரிய பீரங்கியைத் தாங்கிய கயிறுகளை அறுக்க, அது அவன்மேலேயே சாய்கிறது. அந்த விநாடியில் கண்ணை மூடிக்கொள்கிறான். தாய் லுங்குக்கு இப்படி ஒரு விநாடி கிடைக்கவில்லை.

குறைகளும் உண்டு. ஐந்து வீரர்களில் புலி தவிர மற்ற நால்வருக்கும் வேலையே இல்லை. ஜாக்கி சானைக் குரங்குக்குப் பேச வைத்துவிட்டு நாலு வரிதான் கொடுத்திருக்கிறார்கள். எருதும் முதலையும் சிறையை விட்டு வர மறுத்து, பிறகு சட்டென்று வந்து நிற்பது ஒட்டவில்லை. ஆனால் கல்நெஞ்சுக்காரி என்று பெயர் வாங்கிய புலி, ஒரு இடத்தில் போவைக் கட்டிக்கொள்ளும்போது அவன் என்ன செய்வதென்று தெரியாமல் மரம்போல நிற்பானே, அதற்காக இன்னும் நாலு குறையை மன்னிக்கலாம்.

வசூல் கணக்குக் கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் முதல் பாகம் சுமார் 21 கோடி டாலர், இரண்டாவது 16 கோடி டாலர்தான். உலகம் முழுவதும் சேர்த்தால் முதலாவது 63 கோடி, இரண்டாவது 66 கோடி. ஆஸ்கார் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்த வருஷம் பரிசை "ராங்கோ" என்ற படம் கொண்டுபோய்விட்டது.

பேத்தி ஊர் திரும்பிய அன்று இரவே மகளுக்கு டெலிபோன் செய்தேன். "இனிமே நாங்க குறுக்கே வரமாட்டோம்மா, சொல்லிடுங்க" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த வாரக் கடைசியில் சொன்னார்கள். குழந்தை முதலில் கேட்டது, "நான் எந்தக் கூடைல வந்தேன்?" என்றுதானாம். கூடை இல்லை, ஒரு மஞ்சள் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள் என்று அந்தத் துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறாள் மகள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அழுதாள். பாட்டியிடம் டெலிபோனில், "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். என் மனைவி பதில் சொல்ல முடியாமல் என் கையில் கொடுத்துவிட்டாள். இப்போதும் திடீர் திடீரென்று ஏதாவது கேட்கிறாள். தெரிந்ததைச் சொல்கிறோம். தெரியாதது நிறைய இருக்கிறது.

படத்தின் கடைசியில் போ வீட்டுக்குத் திரும்பி, தான் யார் என்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறான். பிங் பயந்துகொண்டே பார்க்கிறார். உங்கள் பிள்ளை என்கிறான். இரண்டு பேரும் சமைக்கப் போகிறார்கள். அதோடு முடியும் என்று நினைக்கும்போது, எங்கோ மலைகளுக்கு நடுவில் மறைந்த ஒரு கிராமத்தில் ஒரு வயதான பாண்டா நிமிர்ந்து பார்க்கிறது. தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கதை 2016-ல் வந்த மூன்றாம் பாகம். அதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அரைப் பரீட்சை லீவுக்கு வரும்போது பாட்டியையும் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று பேத்தியின் உத்தரவு. பாட்டி, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.